வாயில் வைக்காத கஞ்சி

எனக்கு யாரையும் எளிதில் நம்ப வராது. தராசைத் தட்டிப் பார்த்துத்தான் வெல்லம் வாங்குவேன். அப்படிப்பட்டவளை அய்யம்பாளையத்திலிருந்து பழனிக்குக் கட்டிக்கொடுத்தார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு பங்குனி. எனக்கு நாலாம் மாதம். முந்தின கரு தங்காமல் போயிருந்தது. இதுவும் போய்விடுமோ என்ற பயம். தின்றது எதுவும் செரிக்கவில்லை.

"குளிர்காலத்துக் கபம் பங்குனி வெயில்ல இளகி வயித்துத் தீயை அவிக்குது. பாசிப்பருப்புக் கஞ்சி குடுங்க" என்றார் வைத்தியர். வயிறு தேறாவிட்டால் பிள்ளை நிலைக்காது என்று என் வீட்டுக்காரரிடம் தனியாகச் சொன்னதும் என் காதில் விழுந்தது.

கஞ்சிப் பொறுப்பை என் ஓரகத்தி எடுத்துக்கொண்டாள். வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. கோயில் மடைப்பள்ளியில் சமைக்கும் குடும்பத்தில் பிறந்தவள். அவளுக்குப் பிள்ளை இல்லை. தனக்கு இல்லாதது எனக்கு வர அவள் ஏன் மெனக்கெடுகிறாள்?

வெள்ளனே எழுந்து பருப்பை வாசம் வர வறுப்பாள். பழைய பச்சரிசி நொய்யோடு குழைய வேகவிட்டு, சீரகமும் தட்டிய சுக்கும் போட்டு, கடைசியில் நெய் விடுவாள். நான் அடுப்படி வாசலில் உட்கார்ந்து அவள் கையையே பார்ப்பேன். உப்புப் போட்டு ஆவியை முகர்வாளே தவிர, ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கமாட்டாள். எங்கள் ஊரில் ருசி பார்க்காமல் யார் இறக்குவார்கள்? போதாததற்குப் பானையோடு பூஜை அறைக்குள் போய்க் கதவை வேறு சாத்திக்கொள்வாள். அங்கே என்னத்தைக் கலக்கிறாளோ.

தரும் கஞ்சியை மாட்டுத் தொட்டியில் ஊற்றிவிட்டு, மாட்டைக் கவனித்தேன். மாடு மினுமினுத்தது, நான்தான் வற்றினேன். மனுஷிக்கு மட்டும் ஏறும் மருந்தோ என்று அப்போதும் தோன்றியது.

ஒருநாள் நிற்கவே முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலை மறித்தேன்.

"நீங்க குடிச்சுக் காட்டுங்க அக்கா. அப்புறம் நான் குடிக்கிறேன்."

"சமைக்கையில வாயில வச்சா எச்சிலாயிரும் புள்ள. எங்க வீட்டுல யாரும் வைக்கமாட்டோம்."

"இது மடைப்பள்ளி இல்லையே."

அவளுக்குப் புரிந்துவிட்டது. முகம் சுண்டியது. பானையைக் கீழே வைத்து, கரண்டியை விட்டு எடுத்து, வாயில் வைத்து விழுங்கினாள். பிறகு அதே கரண்டியால் எனக்கு ஊற்றினாள்.

"இப்பக் குடி. வெரசா."

குடித்தேன். வயிறு மறுக்காமல் வாங்கிக்கொண்டது.

மத்தியானம் அவள் சாப்பிட வராததை அன்றுதான் கவனித்தேன். ஏன் என்று வீட்டுக்காரரைக் கேட்டேன்.

"அண்ணி உத்திரம் வரைக்கும் விரதம். அந்தக் கஞ்சிய முருகனுக்குப் படைச்சிட்டு, உனக்குக் குடுத்தது போக மிச்சத்தைக் குடிக்கும். ஒரு நாளைக்கு அது ஒண்ணுதான் ஆகாரம். இன்னிக்குப் பானை எச்சிலாயிருச்சாம், படைக்க முடியலையாம். விரதம் முறிஞ்சுபோச்சுன்னு பட்டினியாக் கெடக்கு."

"எதுக்கு விரதம்?"

"உன் பிள்ளை தங்கணும்னுதான்."

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது.

மறுநாள் வெள்ளனே பருப்பு வறுபடும் வாசம் வந்தது. விரதத்தை முதலிலிருந்து தொடங்கியிருந்தாள். நான் அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பூஜை அறையிலிருந்து கிண்ணத்தோடு வந்தாள்.

"எனக்காகன்னு ஏன் அக்கா சொல்லல?"

"சொன்னா மட்டும் நம்பியிருப்பியா? ஆறுது, குடி."

நம்பியிருக்கமாட்டேன். புரட்டாசியில் பிறந்த மகளுக்கு முதல் சோறு அவள்தான் ஊட்டினாள். அன்றும் ருசி பார்க்கவில்லை.