களத்துப்பாறை மேல் ஒரு வீடு

கரிசலில் வீடு கட்டியவர்களைப் பார்த்து நான் சிரித்திருக்கிறேன். மழையில் ஊதி வெயிலில் பிளக்கும் மண் அது. பரளச்சிப் பக்கம் விரிசல் விழாத சுவர் அபூர்வம். அதனால்தான் சவூதியிலிருந்து திரும்பியதும் ஊருக்கு வெளியே களத்துப்பாறை மேல் வீடு கட்டினேன். ஒரு காலத்தில் சோளம் காயப்போட்ட தட்டைப் பாறை, அதனால் அந்தப் பெயர். "பாய் வெவரமான ஆளு, கல்லு மேலயே உக்காந்துட்டாரு" என்றார்கள். எனக்கும் தலைக்கனம்தான்.

மேற்கே மொட்டைமலையில் குவாரி வந்தபோது ஊரே பயந்தது. எனக்குப் பயமில்லை. நடுவில் அவ்வளவு பருத்திக்காடு கிடக்கிறது. அது வேறு மலை, இது வேறு பாறை என்று நினைத்தேன்.

தலைப்பிரசவத்துக்கு வந்திருந்த மகள், கூரைக் கொக்கியில் சேலைத் தொட்டில் கட்டிப் பிள்ளையைப் போட்டிருந்தாள். ஒருநாள் அஸர் தொழுதுவிட்டு உள்ளே வருகிறேன், மேற்கே வெடிச் சத்தம். உள்ளங்காலில் சுரீரென்றது. யாரும் தொடாத தொட்டில் ஆடியது. ஊருக்குள் விசாரித்தால், "சத்தம்தான் பாய், வீடு ஒண்ணும் அசையலையே" என்கிறார்கள்.

அருப்புக்கோட்டையில் என்னோடு படித்தவன் ஒருவன் கல்லூரியில் நிலவியல் பாடம் நடத்துகிறான். அவனை அழைத்துவந்து காட்டினேன். இரண்டு இடத்துக் கல்லையும் பார்த்துவிட்டுச் சொன்னான்: "ஏலே, ரெண்டு பேரு வச்சா ரெண்டு பாறை ஆயிருமா? அடியில ஒண்ணுதான்."

பூமிக்கடியில் உருகிக் கிடந்த குழம்பு, பழைய பாறைகளைப் பிளந்து மேலேறி, வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே மெல்ல ஆறி இறுகியதாம். மேலே மூடியிருந்தது காலம் காலமாகக் கரைந்துபோக, உயரத் தெரிந்தது மொட்டைமலை, தாழத் தெரிந்தது களத்துப்பாறை. கரிசல் நடுவில் மேலாகப் படிந்ததுதான்.

"மண்ணு அதிர்ச்சியக் கொஞ்சம் வாங்கிக்கிரும். கல்லு அப்படியே ஒன் வீட்டுக்குக் கொண்டாந்துரும்" என்றான்.

மறுநாள் கொக்கியைச் சுற்றி மயிரிழையாக ஒரு கோடு ஓடியிருந்தது. மகள் சேலையை அவிழ்த்து மடித்தாள். மாமியார் வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். கரிசல்மேல் நிற்கும் பழைய வீடு. அதன் விரிசல்களைச் சொல்லிச் சம்பந்தியை நான் கேலி செய்யாத நாளில்லை.

"அங்கயும் வெடிப்பு இருக்கேம்மா" என்றேன்.

"அது எனக்குக் கல்யாணம் ஆகுமுன்னாடியே இருக்கு அத்தா. இது நேத்து இல்ல."

ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்தேன். சாயங்காலம் குவாரியில் சங்கு ஊதியது. நானும் மனைவியும் வாசலில் போய் நின்றோம். வெடித்து ஓய்ந்தபின் உள்ளே வந்து பார்த்தால், தொட்டில் தொங்கிய இடத்துக்கு நேர்கீழே, உள்ளங்கை அகலத்துக்குக் காரை பெயர்ந்து கிடந்தது.