வால்யூமைக் குறைத்த பிறகு

மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் கணவர், கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புவார். புளியங்குடியில் இருக்கும் மாமியாருக்கு ஒரு பிரதி எடுக்க நினைத்தேன். பக்கத்து வீட்டு மதினியின் டேப் ரெக்கார்டரை வாங்கி, எங்களுடையதோடு வயரால் இணைத்தேன். டிரங்க் காலில் கத்திப் பேசியே பழகியவள் நான். தூரத்துக் குரலாயிற்றே என்று வால்யூமை முழுவதும் திருகிவிட்டேன்.

பிரதியில் ஒரே இரைச்சல். அவர் குரலே அழிந்துவிட்டதென்று அழுதேன்.

மதினி வயரைக் கழற்றி, அவர் அனுப்பிய கேசட்டை ஓடவிட்டார். குரல் தெளிவாகவே இருந்தது.

“ஏட்டி, வயருக்குள்ள இந்தக் கத்து கத்துனா எம் பெட்டி தாங்குமா? கொறச்சு வச்சு எடு” என்றார்.

இப்போதெல்லாம் வால்யூமைக் குறைத்த பிறகே வயரைச் செருகுகிறேன். தனியாகக் கேட்கும்போதும் குறைத்தே வைக்கிறேன். “குத்தாலத்துல சாரல் விழுந்துட்டா?” என்று அவர் காதோரம் கேட்கிறார். “விழுந்துட்டு” என்று சொல்லிவிடுகிறேன்.