பலாப்பாலும் மடக்குக் கத்தியும்

நாற்பத்தைந்து வயதுக்கு மேல், அறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, நிலைக்கண்ணாடி முன்னால் நின்று, இடுப்புத் தோலுறையிலிருந்து ஒரு மடக்குக் கத்தியை உருவி ஒற்றைக் கையால் திறக்கப் பழகியவன் நான். அதைவிடக் கேவலம், கடைசிவரை பழக்கம் வரவில்லை என்பது. ஒவ்வொரு முறையும் கத்திக்குப் பதிலாக நகம் தேய்க்கும் அரம்தான் வெளியே வந்து நின்றது. கடலூரில் ஓர் அலுவலகத்தில் கோப்புகளுக்குக் குறிப்பு எழுதுவது என் உத்தியோகம். அங்கே வெட்டவேண்டியது எதுவும் கிடையாது. வெட்டியாக உட்கார்ந்திருக்கத்தான் ஆள் வேண்டும்.

கத்தியைக் கொண்டுவந்தது துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சான், என் மனைவியின் தம்பி. கையில் கொடுத்தால் உறவு அறுந்துபோகும் என்று தரையில் வைத்து எடுத்துக்கொள்ளச் சொன்னான். "இது ஒண்ணு இருந்தா போதும் மாமா. வீட்ல வேற சாமானே தேவையில்ல" என்றான். அன்று எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

பயனே இல்லை என்று சொன்னால் பொய். மனைவியின் பாதத்தில் ஏறிய வேலிக்காத்தான் முள்ளை அதிலிருந்த குட்டி இடுக்கிதான் எடுத்தது. கரண்டு போகும் நாளெல்லாம், அதாவது எல்லா நாளும், ஃப்யூஸ் கட்டையைக் கழற்ற அதன் திருப்புளி உதவியது. குட்டிக் கத்தரிக்கோல் மீசைக்கு நன்றாக இருந்தது. அவ்வளவுதான். தக்கை திருகும் சுருள் கம்பி ஒன்று இருந்தது. நம் ஊர் பாட்டில்களில் தக்கை ஏது? மீன் செதில் சுரண்டும் தகடு ஒன்று இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தி மீனிடம் போனேன். மனைவி என்னையும் கத்தியையும் ஒருசேரப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேரும் வெளியில போங்க" என்றாள். பல்குத்தி முதல் வாரமே தொலைந்துபோயிற்று. எல்லாக் கருவிக்கும் இடம் கொடுத்ததில் கைப்பிடி செங்கல் மாதிரி ஆகிவிட்டது. எதைத் திறந்தாலும் கைக்கு வாகாக இல்லை. எல்லா வேலையையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யும் என்றால் ஒரு வேலையையும் முடிக்காது என்று பொருள். எங்கள் அலுவலகத்தில் அப்படி இரண்டு பேர் உண்டு. ஒருவர் மேலதிகாரி.

இப்படி மூன்று வருஷம் அதை இடுப்பில் சுமந்தேன். இரண்டாயிரத்தெட்டு வைகாசியில் அக்கா மகளுக்குச் சிதம்பரத்தில் வரன் முடிந்தது.

அக்கா கணவர் போய்ப் பல வருஷம் ஆகிறது. தையல் மிஷின் ஒன்றை வைத்துக்கொண்டு மகளை எம்.காம். வரை படிக்க வைத்தாள் அக்கா. பெண் பரீட்சை எழுதி வங்கியில் வேலையும் வாங்கிவிட்டாள். பையன் வீட்டார் முதல் பேச்சிலேயே, "வேலைக்குப் போறதுல எங்களுக்கு ஆட்சேபணை இல்ல" என்று சொன்னார்கள். ஆனால் அந்தப் பேச்சு எங்கள் வீட்டுக் கூடத்தில், காப்பி குடிக்கும்போது சொன்ன பேச்சு. எங்கள் பக்கத்தில் சபையில், தட்டு மாற்றும் முன் சொன்னால்தான் வார்த்தை. மற்றதெல்லாம் காப்பியோடு உள்ளே போய்விடும்.

அவர்கள் வழக்கப்படி நிச்சயம் பையன் வீட்டில். பெண் வரக்கூடாது. புறப்படும்போது அவள் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு, "மாமா, அந்த ஒரு வார்த்தைய மட்டும் எல்லார் முன்னாடியும் வாங்கிட்டு வந்துடுங்க. வேற எதுவும் வேணாம்" என்றாள்.

"நான் இருக்கேன்ல" என்றேன். பரங்கிப்பேட்டைத் திருப்பம் தாண்டும்வரை சொல்லவேண்டிய நாலு வாக்கியத்தை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். காலடியில் சீருக்காகப் பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்று, கன்றுக்குட்டி மாதிரி உருண்டுகொண்டு வந்தது.

சிதம்பரத்தில் அந்த வீட்டுக்குள் நுழைந்ததும் என் அக்காவைப் பின்கட்டு நிலைப்படி ஓரமாக உட்கார வைத்தார்கள். யாரும் விரட்டவில்லை, பாயை அங்கே போட்டிருந்தார்கள், அவ்வளவுதான். கணவன் இல்லாதவள் தாம்பூலத் தட்டைத் தொடக்கூடாது. அதனால் தாய்மாமன் தொடவேண்டும். பெற்று, வளர்த்து, ஊசியில் விரலைக் குத்திக்கொண்டு படிக்க வைத்தவள் நிலைப்படியில். மாசம் ஒருமுறை வந்து வடை தின்றுவிட்டுப் போனவன் நடுச்சபையில். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் நடுச்சபையில் போய் உட்கார்ந்தேனா என்றால், உட்கார்ந்தேன்.

முகூர்த்தத்துக்கு நேரம் இருந்தது. தட்டு மாற்றும்வரை அந்த வீட்டில் நாங்கள் கை நனைக்கக்கூடாது. ஆனாலும் பிறகு பரிமாறப் பழத்தை வெட்டி வைத்துவிடலாம் என்றார் பையனின் அம்மா. அரிவாள்மணையை எடுக்க உள்ளே திரும்பினார். அந்த வருஷமும் விடுமுறைக்கு வந்து எங்களோடு வேனில் ஏறியிருந்த என் மச்சான் சும்மா இருந்திருக்கலாம்.

"எதுக்கும்மா அருவாமண? எங்க மாமாகிட்ட ஃபாரின் கத்தி இருக்குது. அதுல இல்லாததே கெடையாது."

எல்லோரும் என் இடுப்பைப் பார்த்தார்கள். மூன்று வருஷமாக நான் காத்திருந்த தருணம் அதுதான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உருவினேன். அரம் வந்தது. பிறகு கத்தியைத் திறந்தேன். அந்த அம்மாள் ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெய் கொண்டுவந்து நீட்டினார்.

"கையிலயும் கத்தியிலயும் தடவிக்குங்கண்ணே. பால் ஜாஸ்தியா இருக்கும்."

கடலூர் ஜில்லாவில் பிறந்த கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும், எண்ணெய் தடவாமல் பலாவைத் தொடக்கூடாது என்று. நான் கிண்ணத்தை ஒதுக்கி, "வேணாம்மா. இது எஃகு. ஒட்டாது" என்றேன்.

விரல் நீளக் கத்தி. பழத்தின் முள்தோலைத் தாண்டவே அதற்கு மூச்சு வாங்கியது. சரி என்று குட்டி ரம்பத்தைத் திறந்து அறுத்தேன். வெள்ளைப் பால் பொங்கிக் கத்தியின் மூட்டுக்குள், சுருளுக்குள், திருப்புளிக்குள், என் விரலிடுக்குக்குள் எல்லாம் இறங்கியது. கடைசியில் பையனின் சித்தப்பா ஒருவர் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு வந்து அருவாளால் இரண்டே போடு போட்டார். பழம் பிளந்தது. அருவாளைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை.

ரம்பத்தை எப்படியோ அமுக்கி மடக்கினேன். கத்தி மடங்கவில்லை. கிணற்றடியில் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். பால் இன்னும் இறுகியது. உறைக்குள் மடங்கிய கத்திதான் நுழையும். பட்டு வேட்டியில் பை கிடையாது. துவைக்கிற கல்லில் வைக்கலாமென்றால் நாலைந்து வாண்டுகள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றன. அதற்குள் உள்ளேயிருந்து குரல்: "பொண்ணோட மாமன் எங்க? நேரம் போவுது."

திறந்த கத்தியை உள்ளங்கையில் படுக்கவைத்து மறைத்துக்கொண்டு போய் ஜமக்காளத்தில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் யாரோ வெற்றிலை, பாக்கு, தேங்காய், மஞ்சள், பூ, புடவையோடு எவர்சில்வர் தட்டை இரண்டு கையிலும் ஏற்றிவிட்டார்கள். கத்தி தட்டுக்கு அடியில் போயிற்று. என் உள்ளங்கை கத்தியிலும், கத்தி தட்டிலும் ஒட்டிக்கொண்டது.

எதிரே பையனின் அப்பா, கூட்டுறவில் மேலாளராக இருந்து ஓய்வுபெற்றவர். கீரப்பாளையம் பக்கம் நிலம் இருக்கிறது. தொண்டையைச் செருமினார்.

"ஒரு சின்ன விஷயம். பொண்ணு வேலைக்குப் போறதப் பத்தி அப்ப ஏதோ பேசினோம். வீட்ல பெரியவுங்க எல்லாம் யோசிச்சதுல, கல்யாணத்துக்கப்புறம் அது வேணாம்னு அபிப்பிராயப்படறாங்க. நம்ம வீட்டுப் பொண்ணுக்கு என்ன கொறச்சல்?"

சின்ன விஷயம்! எனக்கு ரத்தம் மண்டைக்கு ஏறியது. வேன் ஏறி, பழம் சுமந்து, சபை கூடி, தட்டு கைக்கு வந்தபிறகு, இனிமேல் எழுந்து போனால் பெண்ணுக்குத்தான் பேர் கெடும் என்று தெரிந்து, அந்த நொடி பார்த்துச் சொல்கிறார். இந்த வித்தையைக் கூட்டுறவில்தான் கற்றிருப்பார் என்று நினைத்தேன். ஒத்திகை பார்த்த நாலு வாக்கியமும் நாக்கு நுனியில் நின்றன. அதே நேரம் கத்தி முனை தட்டு விளிம்பைத் தாண்டி எட்டிப்பார்க்கிறதோ என்ற பயத்தில் கண் கீழேயே இருந்தது. நாலு வாக்கியத்தில் ஒன்றுகூட வெளியே வரவில்லை.

அவர் என் மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு தட்டைப் பிடித்தார். இழுத்தார்.

நான் விடவில்லை. எப்படி விடுவது? விட்டால் வெற்றிலை பாக்கோடு திறந்த கத்தியும் அவர் கைக்குப் போகும். கத்தியைக் கையோடு கை கொடுத்தாலே உறவு அறும் என்பார்கள். நான் நிச்சயத் தாம்பூலத்தில் வைத்துக் கொடுத்தவன் ஆவேன். அவர் இன்னொருமுறை இழுத்தார். நானும் என் பக்கம் இழுத்தேன். தேங்காய் உருண்டது.

அந்தச் சித்தப்பாதான் பேசினார். "மாமன் தட்ட விடமாட்டேங்குறாரு. என்னான்னு கேளுங்க."

யாரும் என்னைக் கேட்பதற்கு முன்னால் எனக்குப் பின்னால், நிலைப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. அவள் சத்தம் போடவில்லை. மிஷினில் உட்கார்ந்து பேசுகிற குரலில்தான் பேசினாள்.

"எம் பொண்ணு வேலைக்குப் போவா. அதுக்குச் சம்மதம்னு சபையில சொன்னாதான் எந் தம்பி தட்ட விடுவான். இல்லன்னா நாங்க இப்பயே கெளம்புறோம். இன்னும் கை நனைக்கல."

பையனின் அப்பா என் முகத்தைப் பார்த்தார். அதில் கோபம் நிஜமாகவே இருந்தது. யார் மீதென்று அவருக்கு எப்படித் தெரியும்? மகனைப் பார்த்தார். தூணோரம் நின்ற பையன், "நான்தான் அன்னிக்கே சொன்னனேப்பா. போவட்டும்" என்றான்.

"சரி, போவட்டும்" என்றார் அவர். "எல்லாரும் கேட்டுக்குங்க. போவட்டும்." திரும்பவும் தட்டுக்குக் கை நீட்டினார்.

இப்போதும் என்னால் கொடுக்க முடியாது. சபைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, தட்டை அக்கா பக்கம் நீட்டினேன். "நீ வந்து குடு. நீதானே பெத்தவ" என்றேன். வேறு வழியில்லாமல் சொன்னதுதான். ஆனால் சொன்னபிறகு, அன்று காலையிலிருந்து சொல்லவேண்டிய ஒரே வாக்கியம் அதுதான் என்று தெரிந்தது.

அக்கா எழுந்து வந்தாள். எங்கோ ஒரு மூலையில் முணுமுணுப்பு எழுந்தது. ஆனால் நேரம் போய்க்கொண்டிருந்தது. அவள் தட்டைப் பற்றித் தூக்கினாள். லேசாக ஒரு சத்தத்தோடு கத்தி பெயர்ந்து என் கையிலேயே தங்கியது. மேல்துண்டை அதன்மேல் போட்டுக்கொண்டேன். அக்கா ஒரு நொடி என் துண்டைப் பார்த்தாள். பிறகு நடந்துபோய்த் தட்டை மாற்றினாள்.

திரும்பும் வழியில் வேனில் நான்தான் கதாநாயகன். "பேசாமலே சாதிச்சிட்டீங்க மாமா. அக்கா கையால தட்டு மாத்த வெச்சீங்களே, யாருக்கு வரும் அந்தத் துணிச்சல்?" என்றான் மச்சான். அக்கா மகளுக்குப் போன் போட்டு, "வாங்கிட்டோம்" என்றேன். அவள் அழுதாள். அக்கா மட்டும் விரல் நுனியில் ஒட்டியிருந்த எதையோ உரித்துக்கொண்டே வந்தாள். நான் யாரையும் திருத்தவில்லை. ஒரு பெண் தான் படித்து வாங்கிய வேலைக்குப் போவதற்கு சபை நடுவில் இன்னொருவர் வாயிலிருந்து உத்தரவு வரவேண்டியிருக்கிறதே என்று எரிச்சலாக இருந்தது. அதுவும் ஒரு பலாப்பழத்தின் தயவில் வந்தது என்பது இன்னும் எரிச்சல்.

வீட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து ஒருவழியாகக் கத்தியை மடக்கினேன். அரம் மட்டும் உள்ளே இறுகிப்போய் அதன்பிறகு வரவேயில்லை. அந்த மட்டில் லாபம்.

கல்யாணம் முடிந்து அடுத்த வைகாசியில் சிதம்பரம் போயிருந்தேன். அக்கா மகள் வங்கிக்குப் போயிருந்தாள். சம்பந்தியம்மாள் கூடத்தில் ஒரு பலாப்பழத்தையும் அரிவாள்மணையையும் கொண்டுவந்து வைத்தார். பிறகு ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெயை என் பக்கம் நகர்த்தினார்.

"அன்னிக்குத் தட்டக் கழுவினது நான்தாண்ணே. அடியில கத்தி உருவத்துல பால் ஒட்டிக்கிட்டு, எவ்ளோ தேச்சும் போவல" என்றார். "அப்பயே எண்ணெய வாங்கித் தடவியிருந்தீங்கன்னா, தட்ட நீங்களே குடுத்துட்டுப் போயிருப்பீங்க."