டிரைவர் சைடு, கண்டக்டர் சைடு

போன வருஷம் தை மாசம். கள்ளக்குறிச்சியிலிருந்து சங்கராபுரம் போகிற ரோட்டில்தான் எங்கள் டயர் கடை. கடை என்றால் நானும் என் வீட்டுக்காரியும்தான். டயரைக் கழற்றி மாட்டுவது நான். பஞ்சர் பார்ப்பது, காற்று அடிப்பது எல்லாம் அவள். நான் பத்தாவதோடு படிப்பை நிறுத்தினவன். எழுத்தில் தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே. நான் எழுதப்போவதே ஒரு தப்பைப் பற்றித்தான். அதுவும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை செய்கிற தப்பு.

கரும்பு வெட்டு மும்முரமாக நடந்த நேரம். கடை வாசலில் எப்போதும் இரண்டு டிராக்டராவது நிற்கும். அன்றைக்கு அவற்றுக்கு நடுவில் மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வந்து நின்றது. தரையை ஒட்டின மாதிரி உயரம், இரண்டே கதவு, இரண்டே சீட்டு. எங்கள் கடைக்கு முன்னால் இருக்கிற வேகத்தடையை அது நேராக ஏறவில்லை. அடி தட்டாமல் இருக்கக் குறுக்காகத் திரும்பி, நண்டு மாதிரி ஊர்ந்து ஏறி வந்தது. டயருக்காகக் காத்திருந்த டிராக்டர்காரர் சும்மா இருப்பாரா?

"இன்னா தம்பி இது, ஒக்காந்து ஓட்டறதா, படுத்துக்கினு ஓட்டறதா?"

"வேண்டிக்கினு ஓட்டறதுண்ணா" என்று சிரித்துக்கொண்டே இறங்கினார் ஒரு தம்பி. சங்கராபுரம் பக்கத்தில் கரும்பு போடுகிற குடும்பம். பெங்களூரில் வேலை. செகண்ட் ஹேண்டில் அந்தக் காரை வாங்கியிருந்தார். கையில் ஆன்லைனில் வரவழைத்த ஒரு அட்டைப்பெட்டி.

அந்தப் பெட்டிக்குள் இருந்ததைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று வண்டி ஓடும்போதே காட்டுகிற சாதனம் அது. கட்டைவிரல் அளவில் நாலு சென்சார். சக்கரத்துக்கு ஒன்று, டயருக்கு உள்ளே, காற்றடிக்கிற வால்வோடு சேர்த்துப் பொருத்த வேண்டும். உள்ளே இருந்தபடியே அவை கம்பியில்லாமல் சேதி அனுப்பும். டிரைவருக்கு முன்னால் ஒட்டியிருக்கிற சின்ன டிஸ்பிளேயில் நாலு மூலையிலும் நாலு எண் தெரியும். எந்தச் சக்கரத்தில் காற்று இறங்கினாலும் அந்த மூலை சிவப்பாக மின்னி, கீ கீ என்று கத்தும். புதுக் கார்களில் இது கம்பெனியிலேயே வருகிறது. இந்தக் கார் பழைய மாடல்.

"டிக்கில ஸ்டெப்னி கெடையாதுண்ணா, வெறும் பம்புதான். நாளைக்கு அம்மாவ வெள்ளிமலைக்குக் கூட்டிக்கினு போறேன். வரப்புல நின்னு அந்த மலையப் பாத்துக்கினே இருந்தாங்க, இந்த வயசு வரைக்கும் ஒரு தடவ ஏறுனதில்ல. வழியில காத்து போனா தெரியணுமில்ல, அதுக்குத்தான்" என்றார் தம்பி.

நியாயமான பயம். அந்த மாதிரி டயரில் பக்கச் சுவர் நாலு விரல்தான் இருக்கும், அதுவும் கெட்டியாக. பாதிக் காற்று போனாலும் பார்வைக்குத் தெரியாது. டிராக்டர் டயர் மாதிரி உதைத்துப் பார்த்துச் சொல்ல முடியாது.

வேலையை ஆரம்பித்தேன். ஒவ்வொரு சென்சார் மேலும் இரண்டு ஆங்கில எழுத்து இருந்தது. முன்னால் என்றால் எஃப், பின்னால் என்றால் ஆர். இடது எல், வலது ஆர். அவ்வளவு படிக்க எனக்குத் தெரியும். ஆனால் எங்கள் தொழிலில் யாரும் இடது வலது என்று பேசுவதில்லை. டிரைவர் உட்காருகிற பக்கம் டிரைவர் சைடு, மற்றது கண்டக்டர் சைடு. அது பஸ்ஸோ லாரியோ காரோ, எங்களுக்கு எல்லாம் ஒன்றுதான். அதனால் அன்றைக்கு மனசுக்குள் கணக்குப் போட வேண்டியிருந்தது. காருக்கு எதிரில், அதன் மூக்கைப் பார்த்தபடி குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு சாக்கை விரித்து, நாலு சென்சாரையும் அதன் மேல் அடுக்கினேன். எல் என்றதை என் இடது கைப் பக்கம். ஆர் என்றதை என் வலது கைப் பக்கம். அடுக்கின வரிசைப்படியே ஒவ்வொரு டயராகக் கழற்றி, பொருத்தி, காற்று அடித்து மாட்டினேன்.

தம்பி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார். டிஸ்பிளேயில் நாலு மூலையிலும் முப்பத்து நாலு, அந்த டயருக்கு இருக்க வேண்டிய காற்று. கச்சிதம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாட்டினதும் ஒரு சக்கரத்தில் கொஞ்சம் காற்றை இறக்கி, டிஸ்பிளேயில் எந்த மூலை குறைகிறது என்று பார்த்திருக்கலாம். இரண்டு நிமிஷ வேலை. தோன்றவில்லை.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். தம்பியிடமிருந்து போன்.

"ண்ணா, மிஷின் கத்திக்கினே இருக்குது. ரைட்டுல பின் வீலு செவப்பா மின்னுது. இருபத்தாறுன்னு காட்டுது."

"எங்க இருக்கற தம்பி?"

"கோமுகி டேம் தாண்டிட்டேன். மல ஏறப்போற எடம். ஓரங்கட்டிட்டேண்ணா."

"பம்புலயே மீட்டரு இருக்கும். அந்த வீலுல வெச்சிப் பாரு."

அவர் பார்க்கிற நேரத்தில் போனில் அவருடைய அம்மா குரல் கேட்டது. "இன்னாடா, அதுக்குள்ள படுத்துக்கிச்சா? பஸ்ஸுலயே போயிருக்கலாம்னு சொன்னனே!"

"ண்ணா, முப்பத்தி நாலு இருக்குது. கரெக்டா இருக்குதுண்ணா."

"அப்ப மிஷின்தான் கோளாறு. ஆன்லைன் சரக்குன்னா அப்படித்தான் தம்பி. சத்தத்த அமத்திட்டுப் போ."

"மத்த மூணையும் ஒருவாட்டி பாத்துடட்டாண்ணா?"

"மத்த மூணும் நல்லா இருக்குதுன்னு மிஷினே காட்டுதில்ல? நீ போ தம்பி."

பிள்ளைகளே, என் புத்தியைப் பாருங்கள். மிஷின் பொய் சொல்கிறது என்று சொன்ன அதே வாயால், மற்ற மூன்று சக்கரத்துக்கும் அந்த மிஷினையே சாட்சிக்குக் கூப்பிட்டேன்.

போனை வைத்துவிட்டு என் வீட்டுக்காரியிடம் பீற்றிக்கொண்டேன். மிஷின் வலது பின்சக்கரம் என்கிறதாம், பார்த்தால் அது கல்லு மாதிரி இருக்கிறதாம் என்று.

அவள் ஒரு ட்யூபைத் தண்ணீரில் முக்கிக்கொண்டே கேட்டாள். "வலதுன்னா எது? டிரைவர் சைடா?"

"எனக்கு எழுத்து தெரியாதா? ஆர்னு போட்டத இந்தப் பக்கம் மாட்டினேன்" என்று, கடையைப் பார்த்து நின்றிருந்த ஒரு லோடு வண்டிக்கு எதிரில் போய் நின்று, என் வலது கையை நீட்டிக் காட்டினேன்.

அவள் தலையைத் தூக்கிப் பார்த்தாள். "அது கண்டக்டர் சைடாச்சேங்க."

நீங்களே செய்து பாருங்கள். உங்கள் சிநேகிதனை எதிரில் நிறுத்தி வையுங்கள். உங்கள் வலது கைக்கு நேராக அவனுடைய எந்தக் கை இருக்கிறது? நீட்டின கையை மடக்கக்கூடத் தோன்றாமல் நான் அப்படியே நின்றேன். மிஷின் சரியாகத்தான் கத்தியிருக்கிறது. காற்று இறங்கிக்கொண்டிருப்பது கண்டக்டர் சைடு பின்சக்கரத்தில். அந்தப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருப்பது அந்த அம்மா. அந்தச் சக்கரத்தோடு மலையேறு என்று சொன்னவன் நான்.

போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. மலையில் டவர் கிடைக்காது.

"நிக்காதீங்க, வண்டிய எடுங்க! நான் போன் போட்டுக்கினே இருக்கேன்" என்று அவள் கத்தினபோதுதான் எனக்குக் கால் நகர்ந்தது.

கச்சிராயபாளையம் வரை எப்படிப் போனேன் என்று நினைவில்லை. பைக்கை அவ்வளவு முறுக்கி நான் ஓட்டினதே கிடையாது. மலையடிவாரத்தில் ஒருவரிடம் கேட்டேன். "மஞ்சக் காரா? அது போயி ரொம்ப நேரம் ஆச்சே. அல்லாரும் செல்லுல படம் புடிச்சாங்க" என்றார். ஒவ்வொரு வளைவிலும் ரோட்டைப் பார்க்காமல் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டே ஏறினேன். மஞ்சளாக எது தெரிந்தாலும் பைக்கை நிறுத்தி எட்டிப் பார்த்தேன். ஒரு இடத்தில் அது காய்ந்த புல். இன்னொரு இடத்தில் யாரோ போட்ட பிளாஸ்டிக் குடம்.

அடுத்த வளைவு ஒன்றில் ஒரு பஸ் நின்றிருந்தது. ஜனங்கள் எல்லாரும் கீழே இறங்கி நின்றார்கள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனேன்.

காரின் முன்பக்கம் ரோட்டில் இருந்தது. பின்பக்கம் இடது மூலை, தார் ரோட்டின் விளிம்பைத் தாண்டி வெளியே. அந்தச் சக்கரத்துக்குக் கீழே தரையே இல்லை. டயர் ரிம்மை விட்டுக் கழன்று தொங்கியது. மலைக்காரர் நாலு பேர் பானெட் மேல் கவிழ்ந்து முழு பாரத்தையும் போட்டு அழுத்திக்கொண்டிருந்தார்கள். தம்பி வெளியே, டிரைவர் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அந்த அம்மா இன்னும் உள்ளே இருந்தார். அவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் பள்ளம்.

நான் கிடைத்த கருங்கல்லை எல்லாம் தூக்கிவந்து முன்சக்கரங்களுக்குப் பின்னால் முட்டுக் கொடுத்தேன். அவசரத்தில் ஒரு கல் என் கால் மேலேயே விழுந்தது. அப்போது வலிகூடத் தெரியவில்லை.

பஸ்ஸை ஓட்டிவந்தவர் காரின் டிரைவர் பக்கக் கதவு வழியாகக் குனிந்து சொன்னார். "யம்மா, கியர மெதுவா தாண்டி இந்தப் பக்கம் நவுந்து வாங்க. கீழ மட்டும் பாக்காதீங்க."

"கீழ பாக்காம? காலு எங்க வெக்கறதுன்னு நீ வந்து சொல்லுவியா?" என்றார் அந்த அம்மா. ஒரு ஜாண், இன்னொரு ஜாண் என்று நகர்ந்து வந்தார். கார் ஒருமுறை முனகியது. தம்பி எட்டி அவர் இரண்டு கையையும் பிடித்து வெளியே இழுத்தார். இருவரும் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

பஸ் கண்டக்டருக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "ரெண்டு வளைவா விசிலு ஊதிக்கினே வர்றேன்! கண்டக்டர் சைடு பின் வீலு வெறும் ரிம்முல ஓடுது. நான் நிக்கற பக்கமாச்சே, எனக்குத் தெரியாதா? காதுல வுழுந்தாதான!"

தம்பி காருக்குள் கையை விட்டு அந்த டிஸ்பிளேயைப் பிய்த்து ரோட்டில் எறிந்தார். "டூப்ளிகேட் மிஷினுண்ணா! வேற வீலக் காட்டி ஏமாத்திடுச்சி. நீங்கதான் கரெக்டா சொன்னீங்க, மிஷின் கோளாறுன்னு" என்றார் என்னைப் பார்த்து. நான் உதவிக்கு ஓடிவந்தேன் என்று நினைத்துக்கொண்டார் போல. கண்ணில் அவ்வளவு நன்றி.

பிள்ளைகளே, அந்த நிமிஷம்தான் பள்ளத்தைவிட எனக்குப் பயமாக இருந்தது. நான் சும்மா இருந்திருந்தால் போதும். யாருக்கும் தெரியப் போவதில்லை. எறிந்த மிஷின் வாய் திறக்கப் போவதில்லை.

"மிஷின் சரியாத்தான் சொல்லிச்சு தம்பி" என்றேன். "நான்தான் இடதையும் வலதையும் மாத்தி மாட்டிட்டேன். 'போ'ன்னு சொன்னதும் நான்தான்."

தம்பி எழுந்து வந்து என் சட்டையைப் பிடித்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடிக்கட்டும் என்றும் நினைத்தேன். அவர் அடிக்கவில்லை. "மத்த மூணையும் பாக்கட்டான்னு கேட்டனேண்ணா. கேட்டனே. ஏன் வேணாம்னீங்க?" என்று மட்டும் கேட்டார். எத்தனை முறை கேட்டார் என்று தெரியாது.

அந்த அம்மாதான் உட்கார்ந்த இடத்திலிருந்து குரல் கொடுத்தார். "வுடுடா அவர." அப்புறம் என்னிடம், "ஏம்பா, அப்ப அது நல்ல மிஷினா?"

"நல்ல மிஷின்மா."

"அப்ப அதை எடுத்துப் போயி ஒழுங்கா மாட்டிக் குடு. டேய், நீ வண்டியப் பாத்துக்கோ. நான் இந்த பஸ்ஸுலயே வெள்ளிமல போயி வர்றேன். இவ்ளோ தூரம் வந்துட்டு பாக்காம எறங்க மாட்டேன்."

ஒரு கால் செருப்பு காருக்குள் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்றையும் கழற்றி அங்கேயே வைத்துவிட்டு, வெறுங்காலோடு பஸ்ஸில் ஏறிவிட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் கூட்டமே பார்த்துக்கொண்டு நின்றது.

அப்புறம் மலைக்காரர்களும் நாங்களுமாகக் கயிறு போட்டு இழுத்துக் காரை ரோட்டில் ஏற்றினோம். கழன்ற டயரில் விரல் கனத்துக்கு ஒரு போல்ட்டு ஏறியிருந்தது. கரும்பு ஏற்றுகிற ஏதோ டிரெய்லரிலிருந்து விழுந்ததாக இருக்கும். தம்பி அன்றைக்கு என்னிடம் வேறு ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஆனால் நாலு நாள் கழித்து அந்தக் காரை எங்கள் கடைக்கேதான் கொண்டுவந்தார். நாலு சென்சாரையும் மாற்றி மாட்டி முடித்ததும், என் வீட்டுக்காரி ஒவ்வொரு சக்கரத்திலும் கொஞ்சம் காற்றை இறக்கினாள். தம்பி உள்ளே உட்கார்ந்து எந்த மூலை மின்னுகிறது என்று சத்தமாகச் சொன்னார். நான் தள்ளி நின்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினேன். இப்போது எந்தக் காருக்கு மாட்டினாலும் அப்படிச் செய்யாமல் வெளியே விடுவதில்லை.

இன்றும் யாராவது போனில் "வண்டிய எடுக்கலாமாண்ணா?" என்று கேட்டால் எனக்கு உடனே வாய் வருவதில்லை. நான் சொல்லப்போகிற அந்தப் "போ"வை நம்பி, எனக்குத் தெரியாத ஒரு சீட்டில் யாருடைய அம்மாவோ உட்கார்ந்திருக்கிறார் என்ற நினைப்பு முதலில் வந்துவிடுகிறது.