அசையாத காட்சி

மூன்றாம் மாடியில் தனியே வசிப்பவரைக் குடியிருப்பில் எல்லாரும் மீட்டர்காரர் என்றே அழைப்பார்கள். குடிநீர் மீட்டர்களைச் சரிபார்த்து ஓய்வுபெற்றவர். வீட்டுக் குழாய்களையெல்லாம் மூடச் சொல்லிவிட்டு, முள் அசைகிறதா என்று கண்கொட்டாமல் பார்த்திருப்பார். அசைந்தால் எங்கோ கசிவு. அந்தப் பொறுமைதான் அவருக்குச் சோறு போட்டது.

மனைவி மறைந்தபின், வெளியூரில் செவிலியாகப் பணிபுரியும் மகளின் ஞாயிற்றுக்கிழமைத் தொலைபேசி அழைப்பு ஒன்றே அவருக்கு வாரம் முழுமைக்குமான பேச்சு. அதுவும் கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக, மாத்திரை போட்டாயிற்றா என்னும் விசாரிப்பாகச் சுருங்கிக்கொண்டிருந்தது. மகளே ஒரு வழி சொன்னாள்: இருவரும் வாரம் ஒரு பழைய படத்தை இணையத்தில் பார்த்துவிட்டு அதைப் பற்றிப் பேசுவது. அவள் தேர்ந்தெடுத்தவை யாவும் விருது பெற்றவை. அவருக்குப் பாதி விளங்கவில்லை. அதைச் சொன்னால் பேச்சு மறுபடி மாத்திரைக்கே திரும்பிவிடுமோ என்று அஞ்சி, கூர்ந்து பார்த்தார்.

ஒரு படத்தில் கிழவி ஒருத்தி சன்னலோரம் நின்றாள். நின்றுகொண்டே இருந்தாள். பெரிய இயக்குநர் காரணமின்றி நிறுத்தமாட்டார் என்று, முள்ளைப் பார்ப்பதுபோல் இவரும் பார்த்திருந்தார். திரை தானாக இருண்டபோது, படம் முடிந்ததென்று எழுந்தார். ஞாயிறன்று அந்தக் காட்சியை மனதார மெச்சினார்.

மகளுக்குப் புரியவில்லை. அந்தக் கிழவி எட்டிப் பார்த்துவிட்டு உடனே போய்விடுவாளே என்றாள். பிறகு விளங்கிற்று, புரையேறும்வரை சிரித்தாள்.

"நெட்டு மாட்டி படம் பாதியில அப்படியே நின்னுடுச்சுப்பா. அதையா உக்காந்து பாத்துட்டிருந்தீங்க?"

"யாருக்கோ காத்துட்டு நிக்கிறான்னு நெனச்சேம்மா."

மறுமுனையில் சிரிப்பு நின்றது. மகள் சொன்னாள்: "இனிமே நல்ல படமே வேணாம்பா. இருக்கிறதுலயே மட்டமானதாப் பாப்போம். போனை வைக்காம, சேந்தே பாப்போம்."

அடுத்த ஞாயிறு பார்த்த படம் வாக்குத் தவறவில்லை. அட்டை மலை காற்றில் ஆடியது. கதாநாயகனின் மீசை காட்சிக்குக் காட்சி இடம் பெயர்ந்தது. செத்துக் கிடந்த வில்லனின் வயிறு ஏறி இறங்குவதைக் கண்டு, இவனை இன்னும் வார்டிலேயே வைத்திருக்கலாம் என்றாள் மகள். மீட்டர்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அந்த அறைக்கு அது புதிய ஓசை.

பிற்பாதியில் அவளிடமிருந்து பேச்சில்லை. இருமுறை கூப்பிட்டார். சீரான மூச்சு மட்டும் கேட்டது. வாரம் முழுதும் நின்றே வேலை பார்த்த களைப்பு.

தொலைக்காட்சியின் ஒலியை முழுவதும் அடக்கினார். காதில் தொலைபேசியை அழுத்திக்கொண்டு, ஓசையற்ற இறுதிச் சண்டையைக் கடைசி அடிவரை பார்த்தார்.