சப்பாத்தைக் கழற்றியவன்

ஒருவன் மீது பொறாமைப்பட அவன் அழகனாகவோ செல்வந்தனாகவோ இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் அந்த நாட்களில் கண்டிக்கு அருகே பன்வில பக்கம் வந்திருக்க வேண்டும். நான் பொறாமைப்பட்டவன் ஒல்லியான யாழ்ப்பாணத்தான். எடுப்புப் பல். பாடத் தெரியாது, ஆனாலும் பாடுவான். அவன் கையில் இருந்ததெல்லாம் மலம் நிறைந்த தகர டப்பிகள். அந்த டப்பிகளைப் பார்த்துத்தான் நான் வயிறெரிந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் நடுப்பகுதி அது. தேயிலைத் தோட்டத்து மக்களின் இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்த கொழுக்கிப் புழுவை ஆராய ஒரு குழு வந்திருந்தது. கண்டி டவுனில் பிறந்த நானும், வடக்கிலிருந்து வந்த அவனும் அதில் நுணுக்குக்காட்டி பார்க்கும் உதவியாளர்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களில் வீட்டுக்கு வீடு மூடி போட்ட டப்பி கொடுப்போம். மறுநாள் அதில் அவரவர் மலத்தை வாங்கிவந்து, புழுவின் முட்டை இருக்கிறதா என்று நுணுக்குக்காட்டியில் பெரிதாக்கிப் பார்ப்போம். குழு கலையும்போது எங்களில் ஒருவருக்கு மட்டும் கண்டி ஆய்வுகூடத்தில் நிரந்தர உத்தியோகம் என்று குழுவின் தலைவரான டொக்டர் முதலிலேயே சொல்லிவிட்டார். எனக்குப் பேசியிருந்த பெண்ணின் வாப்பா அந்த உத்தியோகத்தைத்தான் மாப்பிள்ளையாக நினைத்துக்கொண்டிருந்தார். நான் அதோடு வரும் சாமான்.

ஆனால் டப்பி திரும்பி வந்தால்தானே உத்தியோகம்? கொழுந்து பறித்துக் களைத்து வரும் பெண்ணிடம் முன்பின் தெரியாத ஆண்பிள்ளை போய் இப்படியொன்றைக் கேட்டால் எவள் கொடுப்பாள்? எனக்கு டப்பிகள் வெறுமையாக வந்தன. ஒரு வீட்டில் உப்புப் போட்டு வைத்திருந்தார்கள். ஒரு லயத்திலிருந்து எல்லாமே நிறைந்து வந்தன என்று பூரித்துப்போய்க் கண்ணாடித் துண்டில் தடவிப் பார்த்தால், புல் நாரைத் தவிர ஒன்றுமில்லை. அத்தனையும் மாட்டுச் சாணம். டொக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். அவன் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அவனுக்கு மட்டும் எப்படிக் கிடைக்கிறது என்று ஒருநாள் பின்னாலேயே போனேன். லயங்கள் தொடங்கும் இடத்தில் ஒரு மரத்தடியில் மாரியம்மன் கல் இருந்தது. அதைக் கடந்துதான் பாதை. கங்காணிகூடச் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் அதைக் கடப்பார். நான் பள்ளிவாசலில் கழற்றுகிறவன். அங்கே எனக்குக் கழற்றத் தோன்றியதில்லை. தவிரவும், புழு பாதத்தின் வழியாகத்தான் உடம்புக்குள் ஏறுகிறது, வெறுங்காலோடு நடக்காதீர்கள் என்று ஊருக்கு உபதேசம் செய்வதே எங்கள் வேலை. அவனோ கல்லுக்கு முன்னால் சப்பாத்தைக் கழற்றிவைத்து, கும்பிட்டுவிட்டு, சேற்றில் இறங்கினான். திரும்பி வரும்வரை போட்டுக்கொள்ளவேயில்லை.

"வாங்க தம்பி, சாயத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்று கூப்பிட்டாள் ஒருத்தி.

"ஓமக்கா, வாறன்" என்று வாசற்படியில் உட்கார்ந்துகொண்டான். அவன் அந்தப் பாலில்லாத தேநீரை ஊதி ஊதிக் குடித்து முடித்ததும், அவள் முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டே துணியில் சுற்றிய டப்பியை நீட்டினாள். என்னைக் கண்டதும் சிரிப்பு நின்றது. முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்தாள்.

"கும்பிடுறேங்க ஐயா."

அவன் தம்பி, நான் ஐயா. இத்தனைக்கும் நான் அவனைவிட இளையவன்.

திரும்பும் வழியில் கேட்டேன்: "புழு ஏறும் எண்டு ஊருக்கெல்லாம் சொல்லிட்டு, நீயே வெறுங்காலோட நடக்கிறியே?"

"சப்பாத்தோட போனா ஆர் மச்சான் தரப்போகினம்?" என்றான். "கொஞ்ச நாள்தானே, ஒண்டும் செய்யாது."

மழைக்காலம் முழுவதும் அவன் அப்படியேதான் நடந்தான். அவன் டப்பிகள் நிறைந்தன, என் வயிறு எரிந்தது.

வேலை முடியும் வாரத்தில், குழுவிலுள்ளவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று டொக்டர் சொன்னார். அவனுடையதை நான் பார்ப்பது, என்னுடையதை அவன் பார்ப்பது என்று ஏற்பாடு. அவனுடைய கண்ணாடித் துண்டை வைத்துக் கண்ணைக் கொடுத்ததுமே முட்டைகள் தெரிந்தன. நகர்த்திய இடமெல்லாம் முட்டைகள். சப்பாத்துப் போடச் சொல்லும் குழுவிலேயே புழுப் பிடித்தவனா என்று டொக்டர் குதித்தார். உத்தியோகம் எனக்கு என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது. மகிழ்ந்தேன், பொய் சொல்வானேன்? பழம் நழுவிப் பாலில் விழுந்தது. பெண்ணின் வாப்பாவுக்கு உடனே சேதி சொல்லியனுப்பினேன்.

புழு மருந்து பொல்லாத மருந்து. அதைக் குடித்துவிட்டு அவன் தோட்டத்து ஆஸ்பத்திரியில் தலைசுற்றிக் கிடந்தான். பார்க்கப் போகாவிட்டால் நன்றாயிருக்காதே என்று போனேன். கொழுந்துக் கூடைகளை வாசலில் இறக்கிவிட்டு லயத்துப் பெண்கள் அவன் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். சாயத்தண்ணி கொடுத்தவள் கஞ்சி கொண்டுவந்திருந்தாள்.

"எங்க வாசலுக்கு வந்து போயித்தானே தம்பிக்கு இந்தச் சீக்கு வந்துச்சு" என்று அழுதாள். என்னைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கும்பிடுறேங்க ஐயா" என்றாள். ஒரு கதிரையைக் கொண்டுவந்து எனக்கென்று போட்டாள். கட்டிலிலிருந்து நன்றாகத் தள்ளி.

"உத்தியோகம் கிடைச்சிட்டுதாமே மச்சான், சந்தோசம்" என்றான் அவன். மனதாரத்தான் சொன்னான். பாவி, கொஞ்சமாவது வயிறெரியக் கூடாதா?

சாமான்களைப் பெட்டியில் அடுக்குவதற்கு முன், என்னுடைய கண்ணாடித் துண்டைத் தேடி எடுத்தேன். சுத்தம் என்று அவன் சொல்லியிருந்தான். அவன் கண்ணுக்கு ஏதாவது தப்பியிருக்கலாம் என்று நுணுக்குக்காட்டியில் வைத்து, ஒரு மூலை விடாமல் நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். ஒன்றுமில்லை. நானும் அந்த மழைக்காலம் முழுவதும் அதே லயங்களில்தான் நடந்தேன். ஒரு புழுவுக்குக்கூட என்னிடம் வர மனமிருக்கவில்லை.