கை வைத்துக் கேட்ட ரூபி சிஸ்டர்

ரூபி சிஸ்டர் காலமான செய்தி என் காதில் விழுவதற்கு முன்பே மடவார் வளாகத்தில் எங்கள் தெரு முழுவதற்கும் தெரிந்துவிட்டது. காரணம், அந்த நேரத்தில் நான் அவருடைய காரில் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருந்தேன். அடித்துக்கொண்டிருந்தேன் என்பதுகூடச் சரியில்லை. ஒருமுறை தொட்டேன், அது நிற்க மறுத்துவிட்டது. டெலிபோன் பூத்துக்காரர் ஓடிவந்து என்னவோ சொன்னார். நான் "என்ன?" என்றேன். மறுபடி சொன்னார். மறுபடியும் "என்ன?" என்றேன். எதிர்வீட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்து வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். என் ஹாரனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, நானும் பல்லைக் காட்டிக்கொண்டே பானெட்டைத் திறந்து ஒயரைப் பிடுங்கினேன். சத்தம் நின்றது. "ரூபி சிஸ்டர் தவறிட்டாவ, அண்ணாச்சி" என்ற வார்த்தை அந்த அமைதியில் வந்து விழுந்தது. என் முகத்தில் இன்னும் சிரிப்பு இருந்தது. அதை எங்கே கொண்டுபோய் வைப்பதென்று தெரியவில்லை.

நான் மைக்செட் வைத்திருப்பவன். ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் உங்கள் வீட்டுக் கல்யாணத்திலும் காதுகுத்திலும் உங்களை ஒருவரோடு ஒருவர் பேசவிடாமல் செய்தவன் நான்தான். படிப்பு பத்தாவதோடு என்னை விட்டுப் போனது, நானும் கூப்பிடவில்லை. சிஸ்டரைப் பற்றி நாலு வார்த்தை எழுதித் தரும்படி சபையார் கேட்டபோது என் மகள் செல்விதான் தைரியம் சொன்னாள். "எழுத்துப் பிழையை நான் பாத்துக்கிடுதேன் அப்பா. நீங்க உண்மையை மட்டும் பாத்துக்கிடுங்க."

உங்களில் பாதிப் பேர் ராஜபாளையத்தில் சிஸ்டர் கையில் முதல் அழுகை அழுதவர்கள். மீதிப் பேர் அவர் ஊசியைப் பார்த்து அழுதவர்கள். வெள்ளைச் சேலையும் விறைப்பான நடையுமாக அவரை உங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரிந்த சிஸ்டர், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பழைய ஆஸ்பத்திரி அங்கியைச் சேலைமேல் மாட்டிக்கொண்டு, பாசிப்பச்சை நிறத்துப் பேபி காரின் அடியில் முதுகைப் போட்டுக் கிடந்தவர்.

அந்தக் காரை அவருடைய வீட்டுக்காரர் ஒரு எஸ்டேட் துரையிடமிருந்து வாங்கினாராம். வீட்டுக்காரர் காலமான பிறகு, ஓய்வு பெற்ற சிஸ்டருக்குத் துணை அதுதான். எண்பதுகளின் நடுவில், சபையார் கூடிச் சாப்பிடும் அசனப் பந்திக்கு நான் மைக்செட் குழாய் கட்டப் போயிருந்தேன். சாப்பாடு முடிந்து எல்லோரும் கிளம்பும்போது கார் உயிர் வராமல் நின்றது. கையில் ஸ்குரூ டிரைவர் வைத்திருந்த ஒரே ஆள் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். எனக்கு ஆம்ப்ளிஃபயர் தெரியும், கார் தெரியாது. ஆனால் இத்தனை பேர் பார்க்கும்போது தெரியாது என்று சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. பானெட்டைத் திறந்து கைக்கு எட்டியதையெல்லாம் கழற்றி ஒரு வாழை இலையில் வரிசையாகப் பரப்பினேன். சிஸ்டர் ஒவ்வொன்றையும் குனிந்து பார்த்துவிட்டு, பையிலிருந்த ஸ்டெதஸ்கோப்பை எடுத்துப் பெட்ரோல் டாங்கின் மேல் வைத்து, விரலால் தட்டிக் கேட்டார்.

"உன் பேரு என்ன?"

"பாண்டி, சிஸ்டர்."

"எப்பா பாண்டி, ஆபரேஷன் நல்லாப் பண்ணிருக்க. ஆனா இதுக்குச் சீக்கு இல்ல, பசி. டாங்குல பெட்ரோல் இல்ல."

கழற்றியதைத் திரும்ப மாட்ட அன்று சாயங்காலம்வரை ஆனது. ஒரு நட்டு மிஞ்சியது. அதைத் தேடி மாட்டுவதற்காக அடுத்த ஞாயிறு பஸ் ஏறி ராஜபாளையம் போனேன். பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போக ஏதாவது ஒன்று மிஞ்சிக்கொண்டே இருந்தது.

எங்கள் இருவரையும் சேர்த்துப் பார்த்தாலும் ஒரு மெக்கானிக்கில் கால்வாசி தேறாது. காரோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை அவர் வாசிப்பார், நான் தலையாட்டுவேன், பிறகு இருவரும் எங்களுக்குத் தோன்றியதைச் செய்வோம். பக்கத்துத் தறிகளில் பேண்டேஜ் துணி ஓடியது. அங்கே கழித்துப்போட்ட துணியெல்லாம் எங்களிடம் வரும். பெட்ரோலை அதில்தான் வடிகட்டுவோம், ஒழுகும் குழாயை அதில்தான் சுற்றுவோம். பானெட்டைத் திறந்தால் விபத்து வார்டு மாதிரி இருக்கும். சுற்றும்போது சிஸ்டர் கடைசி முடிச்சை அழகாக உள்ளே செருகுவார். "முடிச்சு உறுத்தக்கூடாதுப்பா" என்பார். ரப்பர் குழாய்க்கு என்ன உறுத்தும் என்று நான் கேட்டதில்லை.

ரேடியேட்டரில் ஓட்டை விழுந்தால் மஞ்சள்தூள் போட்டால் அடைக்கும் என்று ஒரு லாரி டிரைவர் சொன்னார். வீட்டிலிருந்து ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு போனேன். அது மஞ்சள் அல்ல, என் பெண்டாட்டி பேச்சியம்மாள் அப்போதுதான் அரைத்து வைத்த ரசப்பொடி. நிறத்தில் எனக்குச் சந்தேகம் வந்தது. மஞ்சளைக் கொஞ்சம் கருக வறுத்துவிட்டாள் போல என்று நினைத்துக்கொண்டேன். தளவாய்புரம் ரோட்டில் ரேடியேட்டர் கொதித்து மூடி எகிறியபோது, டீக்கடையில் இருந்தவர்கள் எல்லோரும் எழுந்து மூக்கை உயர்த்தினார்கள்.

சிஸ்டர் இறங்கி வந்து முகர்ந்து பார்த்தார். "ஏலே பாண்டி, பெருங்காயமும் போட்டியா?"

"அரைக்கும்போதே போட்டிருப்பா, சிஸ்டர்."

"அப்ப சரி. அதான் வாசம் தூக்குது."

தளவாய்புரத்துக்கு அவர் போனது காற்று வாங்க அல்ல. ஆஸ்பத்திரியை விட்டு வந்த பிறகும், புண் ஆறாதவர்கள், படுக்கையில் விழுந்தவர்கள் என்று சுற்றுவட்டாரத்தில் அவருக்கென்று ஆட்கள் இருந்தார்கள். வ. புதுப்பட்டிவரைகூடப் போய்க் கட்டு மாற்றிவிட்டு வருவார். வயதான காலத்தில் எதற்கு இந்த அலைச்சல், பஸ்ஸில் போகலாமே என்று ஒருநாள் கேட்டேன். "பஸ்ஸுல போனா எனக்கு எந்திரிச்சு எடம் விடுதாங்க, பாண்டி. கிழவியாப் போய் எறங்குதேன். இதுல போனா நர்ஸாப் போய் எறங்குதேன்" என்றார். அதன்பிறகு அந்தக் காரை நான் கார் என்று நினைக்கவில்லை.

இப்போது ஹாரன் விஷயத்துக்கு வருகிறேன். இதைச் சொல்லலாமா என்று நிறைய யோசித்தேன். இனி அவரிடமிருந்து யாரும் சாவியைப் பிடுங்க முடியாது என்பதால் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒருநாள் கடையில் இருந்தேன். ராஜபாளையம் ரோட்டின் பக்கமிருந்து விடாமல் ஒரு ஹாரன் சத்தம் வந்தது. வர வரப் பெரிதானது. கடைக்காரர்கள் எல்லாம் வெளியே வந்து பார்த்தார்கள். பச்சைக் கார் மெதுவாக வந்து என் கடை முன்னால் நின்றது. இன்ஜின் ஓய்ந்தது, ஹாரன் ஓயவில்லை. சிஸ்டர் இறங்கினார். முகமெல்லாம் பூரிப்பு.

"இன்னைக்கு ரோட்டுல எம்புட்டு மரியாதை, பாண்டி! லாரிக்காரன்கூட ஒதுங்கி வழி விடுதான்!"

அவருக்குப் பின்னால் ஜனங்கள் காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். மைக்செட்காரனுக்குக் காது போனவர்களை அடையாளம் தெரியும். முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால் திரும்பமாட்டார்கள், பேசினால் கண்ணைப் பார்க்காமல் வாயைப் பார்ப்பார்கள். சில மாதங்களாக அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது. "தண்ணி சூடாயிருக்கும், பாக்கேன்" என்று பானெட்டைத் திறந்து ஒயரைப் பிடுங்கினேன். தெருவே பெருமூச்சு விட்டது. சிஸ்டருக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை. "தண்ணி இருக்கா?" என்றார். "இருக்கு சிஸ்டர்" என்றேன்.

அடுத்த ஞாயிறு, இன்ஜினைச் சோதிக்கும்போது, வழக்கமாக அவரே மாட்டிக்கொள்ளும் ஸ்டெதஸ்கோப்பை என் கழுத்தில் போட்டார். "எனக்குக் கழுத்து வலிக்கி. நீ கேட்டுச் சொல்லு." கேட்டேன். இன்ஜினின் தலைப்பகுதியில் எங்கேயோ தட்டும் சத்தம். சொன்னேன். என் வாயைப் பார்த்தார், முகத்தைச் சுளித்தார். "வாயால சொல்லாத. உன் மீசைக்குள்ளயே பாதி வார்த்தை நின்னுபோவுது. கையால சொல்லு."

பானெட் ஓரத்தில் விரலால் தட்டிக் காட்டினேன். இன்ஜின் தட்டுகிற அதே வேகத்தில், அதே இடைவெளியில். அவர் என் விரலைப் பார்த்தார். பிறகு தன் உள்ளங்கையை இன்ஜின் மூடியின் மேல் வைத்தார், காய்ச்சல்காரன் நெற்றியில் வைப்பதுபோல. கண்ணை மூடிக்கொண்டு செத்த நேரம் நின்றார். "வால்வைத் தள்ளுத டேப்பட்டுல இடைவெளி கூடிருக்கு. அளக்குத தகட்டை எடு" என்றார். எடுத்தேன். சரி செய்தோம். சத்தம் அடங்கியதும் என் விரல் நின்றது. அதைப் பார்த்து அவர் சிரித்தார்.

அன்று முதல் எங்கள் வேலைமுறை அதுதான். நான் கேட்பேன், தட்டுவேன். அவர் கை வைப்பார். ஏன் என்று அவர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. மீசையை மட்டும் ஒட்ட வெட்டிக்கொண்டேன். பேச்சியம்மாள் பதறிப்போய்க் காரணம் கேட்டாள். வெயில் என்றேன். மைக்செட் ஆர்டர் பிடிக்க வருகிறேன் என்று சொல்லி, அவர் போகிற ஊருக்கெல்லாம் இடதுபக்க இருக்கையில் நானும் போனேன். பின்னால் லாரி ஹாரன் அடித்தால் முன்பலகையில் தட்டுவேன். அவர் ஒதுங்கி வழி விடுவார்.

அவர் மகன் ஜெபராஜ் மதுரையில் வேலையாக இருந்தார். பாசக்காரர், பயந்தவர். யாரோ எழுதிப்போட, ஒரு ஞாயிறு வந்து நின்றுவிட்டார். "அம்மா, ஒங்களுக்குக் காது மந்தமாயிட்டுன்னு சொல்லுதாங்க. சாவியக் குடுத்திருங்க."

"எந்தப் பய சொன்னான்?"

ஜெபராஜ் இன்ஜினை ஓடவிட்டு, அம்மாவின் முதுகுப்பக்கம் போய் நின்றுகொண்டு, "அம்மா, இப்ப என்ன சத்தம் கேக்குது?" என்றார்.

சிஸ்டர் இன்ஜினையே பார்த்துக்கொண்டு நின்றார். மகன் கேட்டதே அவருக்குத் தெரியாது. நான் காரின் மறுபக்கம் நின்றேன். என் விரல் பானெட் ஓரத்தில் தானாகத் தட்டியது. சிஸ்டர் கண் என் விரலுக்கு வந்தது. மெதுவாகக் கையை மூடியின்மேல் வைத்தார்.

"டேப்பட் தட்டுது. இதைக் கேக்கவா மதுரைலருந்து வந்த? உங்க அப்பா இருந்தா இதுக்குள்ள சட்டையக் கழத்திட்டு வேலையப் பாத்திருப்பாவ. நீ நிக்கியே, மாப்பிள்ளை மாதிரி."

ஜெபராஜ் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் விரலைப் பார்த்தார். சாவி அன்று கைமாறவில்லை. பஸ் ஏறும்போது என்னிடம், "அண்ணே, நீங்க அம்மாகூடவே போறீங்கல்லா?" என்றார். "ஆமா" என்றேன். "போங்க" என்று என் கையைப் பிடித்து அழுத்தினார். அவர் எதைப் பார்த்தார் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

சாவியைக் கடைசியில் சிஸ்டரே கொடுத்தார். நான் காய்ச்சலில் கிடந்த ஒரு நாள், தனியாக ஓட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். கஞ்சி குடிக்கச் சொன்னார். பிறகு சாவியை என் தலையணைப் பக்கம் வைத்தார்.

"வார வழியில ஒரு லாரிக்காரன் எறங்கி வந்து வஞ்சான், பாண்டி. அவன் வாய் போன போக்கைப் பாத்தேன். தப்பு என் மேலதான். இனி நீ ஓட்டு. நான் பக்கத்துல இருந்து பாத்துக்கிடுதேன்."

கார் என் மைக்செட் கொட்டகைக்கு வந்தது. அவரைக் கூட்டிக்கொண்டு கட்டு மாற்றப் போவது என் வேலையானது. போன மாதம்வரை போனோம். இடதுபக்கம் உட்கார்ந்து, முன்பலகையில் உள்ளங்கையை வைத்தபடி வருவார். என் ஓட்டுதலைப் பற்றி அவர் சொன்ன நல்ல வார்த்தை ஒன்றே ஒன்று: "கிளட்சை மிதிக்கத்தான் சொன்னேன், கொல்லச் சொல்லல."

ஸ்டெதஸ்கோப்பை ஜெபராஜ் என்னிடம் கொடுத்தார். கடையில் ஆம்ப்ளிஃபயருக்கு மேலே தொங்குகிறது. அதை மாட்டிக்கொண்டு இன்ஜினைக் கேட்டால் எனக்கு எல்லாச் சத்தமும் கேட்கிறது, ஒன்றும் விளங்குவதில்லை. கழற்றிவிட்டு உள்ளங்கையை வைத்தால் கொஞ்சம் விளங்குகிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். உறுத்தாமல் முடிச்சுப் போடவும் வருகிறது.

அடக்கத்தன்று, பெட்டிக்குப் பின்னால் பச்சைக் கார் வரவேண்டும் என்று ஜெபராஜ் ஆசைப்பட்டார். செய்தி வந்த அன்று பிடுங்கிய ஹாரன் ஒயரை நான் திரும்ப மாட்டவில்லை. தேவைப்படவும் இல்லை. லாரிக்காரர்கள்கூட ஒதுங்கி வழிவிட்டார்கள். பின்னிருக்கையில் பேச்சியம்மாளும் செல்வியும் இருந்தார்கள். இடதுபக்கம் யாரும் உட்காரவில்லை.

கல்லறைத் தோட்டம் திரும்பும் இடத்தில் இன்ஜினில் தட்டும் சத்தம் தொடங்கியது. என் விரல் முன்பலகையில் தட்ட ஆரம்பித்ததை நானே பிறகுதான் பார்த்தேன்.

"என்ன?" என்றாள் பேச்சியம்மாள்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

சிஸ்டர், சத்தம் கேக்குது. செத்த நேரம் கைய வைங்க.